விடிஆர்எல் பாசிட்டிவ்: முதலில் ஊசி, அப்புறம் விசாரணை

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கணவரையும் கூட்டி வா என்கிறார் நர்ஸம்மா. அவர் மேல் சந்தேகம் வந்து வீட்டில் பேச்சே இல்லை. எனக்கோ உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. சிபிலிஸ் எல்லாம் இந்தக் காலத்தில் யாருக்காவது வருகிறதா? குழந்தைக்கு என்ன ஆகும்?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: வருகிறது அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 11 லட்சம் கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் இருந்தது. வசதியான அமெரிக்காவில் 2012இல் 335 குழந்தைகள் இதோடு பிறந்தார்கள். பத்தே வருடத்தில் அது 3,700ஐத் தாண்டிவிட்டது. அதில் பத்தில் ஒன்பதை, நேரத்தோடு பரிசோதித்து ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இதையே இலங்கை செய்து காட்டியது. தாயிடமிருந்து குழந்தைக்கு சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் சான்றிதழே வாங்கிவிட்டது.

அதனால் யாருக்கு ஆபத்து என்று கேட்டால் நான் ஒழுக்கத்திலிருந்து தொடங்கமாட்டேன். தாமதமாகப் பதிவு செய்தவர், ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட் வாங்காதவர், தான் ஊசி போட்டும் கணவர் போடாததால் மறுபடி தொற்றிக்கொண்டவர், எச்ஐவி உள்ளவர்... பிரசவ வார்டில் நான் பார்த்த தாய்மார்கள் பெரும்பாலும் இவர்கள்தான். துணைக்கு வேறு உறவு இருப்பதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதை இந்த ரிசல்ட் சீட்டு சொல்லாது.

இன்னொன்று, கர்ப்பத்தில் விடிஆர்எல் சிலசமயம் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். டிபிஎச்ஏ என்ற பரிசோதனையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையம் இருந்தால் நேரே அங்கே போகலாம்.

உறுதியானால் மருந்து பென்சத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட். இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். நன்றாகவே வலிக்கும். நோய் எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். நடுவில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். ஊசி போட்ட அன்று காய்ச்சலோ வயிறு இறுகுவதோ இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் வைத்து உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அதே பென்சிலினைப் போட வழி உண்டு. ஏனென்றால் கர்ப்பத்தில் குழந்தையைக் காப்பாற்றும் என்று நம்பக்கூடிய மாற்று மருந்து கிடையாது.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது சிகிச்சை முடிய வேண்டும். உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. சிகிச்சையே எடுக்காவிட்டால்தான் கருக்கலைவு, வயிற்றிலேயே இறப்பு, குறைமாதம் எல்லாம். சில குழந்தைகள் பிறக்கும்போது கொழுகொழு என்று இருக்கும். சில வாரங்களில் மூக்கடைப்பு, உள்ளங்கையில் தோல் உரிதல், வருடங்கள் கழித்துக் காது கேளாமை என்று வரும்.

கணவருக்கும் பரிசோதனை, ஊசி இரண்டும் வேண்டும். அதுவரை உறவைத் தள்ளிவையுங்கள். சண்டையையும்தான்! கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு முறை ரத்தம் பாருங்கள். மார்பில் புண் இல்லையென்றால் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஊசி போட்ட தேதிகள் எழுதிய அட்டையைப் பிரசவத்துக்குக் கையோடு கொண்டு போங்கள்; குழந்தைகள் டாக்டர் கேட்பார்.