ஆர்கன் ஆசிரியர் மர்லின் மேசன் யார்? அவரை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஆல்வா என்ற ஊரில் 1925-இல் பிறந்தவர். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால்மர் கிறிஸ்டியனிடம் பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்க வைக்கும் பெரிய இசைக்கருவி) படித்தார். 1947-இல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தவர், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். ஒரே இடத்தில் இவ்வளவு காலம் கற்பித்த பேராசிரியர்கள் அபூர்வம்தான்.

ஆனால் நீண்ட காலம் இருந்தார் என்பது மட்டும் பெருமையாகிவிடாது. என் பார்வையில் அவருடைய பெரிய பங்களிப்பு வேறு. ஆர்கன் என்றாலே 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து இசை என்று பலர் ஒதுங்கிவிடுவார்கள். இவரோ வாழும் இசையமைப்பாளர்களிடம் கேட்டு, 70-க்கும் மேற்பட்ட புதிய படைப்புகளை எழுத வைத்தார். 20-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கடினமான ஆர்கன் படைப்பையும் துணிந்து மேடையேற்றினார். அப்புறம், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் வாசித்த முதல் அமெரிக்கப் பெண் ஆர்கன் கலைஞரும் இவர்தான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் 1985-இல் ஃபிஸ்க் நிறுவனம் கட்டிய ஆர்கனுக்கு இவர் பெயரே வைத்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கைவினைஞர் சில்பர்மனின் பாணியில் அமைந்த கருவி அது. மேசன் 2019-இல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் பல தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றியிருக்கிறார்கள்.