முதல் பனிச்சறுக்குக்குச் சிறிய மலைக்கிராமம் போதுமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார். “எனக்கும் கணவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும் ஆகின்றன. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மலைக்குப் போய்வந்த கதை சொல்வதால் இவர்களும் ஆசைப்படுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெரிய பனிச்சறுக்கு நிலையம் ஒன்றுக்குப் போய், கூட்டத்தைக் கண்டு பயந்து, இரண்டாம் நாளே சறுக்குப் பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நாங்கள் அமைதியான சிறிய ஊருக்குப் போக நினைக்கிறோம். அங்கே பனி இருக்குமா? பழகுவதற்கு வசதி இருக்குமா? எங்களிடம் காரும் இல்லை.”

பதில்: உங்களைப் போன்ற குடும்பத்துக்கு முதல் ஆண்டில் சிறிய ஊரே சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து. ஆல்ப்ஸ் மலையில் கூர்ஷவெல், மெரிபெல், வால் தொரான்ஸ் முதலிய ஊர்களை இணைக்கும் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குத்தடங்கள் இருக்கின்றன. ஆனால் புதிதாகப் பழகுபவர் முதல் வாரத்தில் பயன்படுத்தப்போவது பள்ளி மைதானத்தின் அளவுள்ள ஒரு மென்சரிவையும், அதற்கு மேலே உள்ள பச்சை நிறத்தால் குறித்த ஒன்றிரண்டு மிக எளிய தடங்களையும்தான். மீதிக்குக் கொடுக்கும் பணம் உங்களுக்குப் பயன்படாது.

அந்தக் குடும்பம் ஏன் பயந்தது என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. பனியில் விழுவதற்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. தன் திறமைக்கு மிஞ்சிய இடத்தில், வேகமாக வருபவர்களின் நடுவே, கீழே இறங்க வழி தெரியாமல் நிற்பதுதான் அச்சத்தைத் தருகிறது. ஆகவே எந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் தட வரைபடத்தை எடுத்து, சறுக்குபவர்களைக் கம்பிவடத்தில் மலைமேல் ஏற்றும் லிஃப்ட் கொண்டுபோய் விடும் இடத்திலிருந்து ஊர்வரை பச்சைத் தடம் இடைவெளியில்லாமல் வருகிறதா, அல்லது அதே லிஃப்டில் உட்கார்ந்து திரும்ப இறங்க அனுமதிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிரான்ஸில் தடங்கள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்லும். ஆனால் ஓர் ஊரின் நீலமும் இன்னோர் ஊரின் நீலமும் ஒரே சரிவாக இருக்கவேண்டும் என்பதில்லை.

பனி இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. உயரம் 100 மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் மழையாக விழுவது இரண்டாயிரம் மீட்டரில் பனியாக விழுவது இதனால்தான். ‘சிறிய ஊர்’ என்பதை ‘தாழ்ந்த ஊர்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர் 1,500 மீட்டர் அளவிலும் லிஃப்டுகளின் உச்சி 2,500 மீட்டருக்கு மேலும் இருந்தால், பெப்ரவரியில் பனி இல்லாமல் ஏமாந்து திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு.

காரில்லாத உங்களுக்கு நான் சொல்லும் இடம் சவ்வா மாவட்டத்தின் ஓத் மோரியென் பள்ளத்தாக்கில் உள்ள ஓசுவா. பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து இத்தாலி செல்லும் பாதையில், எல்லைக்கு முன் வரும் கடைசிப் பிரெஞ்சு நிலையமான மொதானில் தெஜெவே (TGV) அதிவேக ரயில் நிற்கிறது. பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2023 ஆகஸ்டில் மலைச்சரிவினால் மூடப்பட்ட இந்தப் பாதை 2025 மார்ச் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. மொதானிலிருந்து ஓசுவா ஏழு கிலோமீட்டர் அளவுதான். குளிர்காலத்தில் பேருந்து இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை மலை மாவட்டங்களில் குளிர்கால டயர்களோ சங்கிலியோ கட்டாயம் வைத்திருக்கவேண்டும் என்ற சட்டத்தையும், சனிக்கிழமை நெரிசலையும் சமாளிக்கவேண்டும். அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

ஓசுவா, சறுக்குக்காக வெறும் மலையில் எழுப்பிய அடுக்குமாடித் தொகுதி அல்ல. தேவாலயத்தைச் சுற்றிக் கல்வீடுகள் அமைந்த பழைய ஊர். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லிஃப்டுகள் 2,750 மீட்டர்வரை ஏறுகின்றன. மேலே ‘தான் பராஷே’ என்ற சிகரம் 3,697 மீட்டரில் நிற்கிறது. 1963இல் பிரான்ஸின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வனுவாஸ் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தடங்கள் தெற்கு நோக்கியவை. இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. வெயிலில் நின்று பழகும் பிள்ளைகளுக்குக் கை விறைப்பதில்லை. பெற்றோரும் நிம்மதியாகக் காத்திருக்கலாம். ஆனால் முந்தைய நாள் வெயிலில் இளகிய பனி இரவில் உறைந்து, அதிகாலையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும்; மார்ச்சில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் கஞ்சிபோல் கனத்துக் காலை இழுக்கும். எனவே வகுப்புக்கு வெளியே நீங்களாகச் சறுக்கும் நேரத்தைப் பத்து மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் அமைதி வேண்டுமானால் அதே பள்ளத்தாக்கின் கடைசி ஊரான பொன்வால் சூர் ஆர்க் இருக்கிறது. 1,800 மீட்டர் உயரம். லிஃப்ட் 3,000 மீட்டர்வரை போகிறது. அதற்கப்பால் உள்ள இசெரான் கணவாய் குளிர்காலம் முழுவதும் மூடியிருப்பதால் கடந்துபோகும் வண்டி ஒன்றுகூட இல்லை. கற்பலகைக் கூரைகளுக்கு இடையே மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் தெரியாதவாறு நிலத்தடியில் புதைத்திருக்கிறார்கள். இத்தாலியப் பக்கமிருந்து ‘லோம்பார்த்’ என்ற கீழைக்காற்று வீசினால், சவ்வாவின் மற்றப் பகுதிகள் வறண்டிருக்கும்போதும் இங்கே மட்டும் பனி கொட்டித் தீர்க்கும். எனக்கு மிகவும் பிடித்த ஊர் இது. ஆயினும் முதல் ஆண்டுக்கு இதைச் சொல்லத் தயங்குகிறேன். பனிச்சரிவு அபாயம் கூடும் நாட்களில் பெசானிலிருந்து வரும் ஒரே சாலையை மூடிவிடுவார்கள்; திரும்பும் ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுத்துவைத்த குடும்பத்துக்கு அது பெரிய மனக்கவலை. அந்தப் பெசான் சமதளத்தில் நடைபோல் செய்யும் நெடும்பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர். சரிவைக் கண்டு உங்களில் யாருக்காவது மனம் ஒப்பாவிட்டால் அந்த வகையை ஒருநாள் முயன்று பாருங்கள்.

எந்த வாரம் போவது என்பதும் முக்கியம். பள்ளி விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்கு இரண்டு வாரம் என்று ஒரு வார இடைவெளியில் தொடங்குகிறது. பாரிஸ் பகுதி சி மண்டலம். வரிசை ஆண்டுதோறும் மாறும். சி மண்டலம் முதலாவதாக வரும் ஆண்டில் உங்கள் முதல் வாரமும், கடைசியாக வரும் ஆண்டில் உங்கள் இரண்டாம் வாரமும் மற்ற மண்டலங்களுடன் மோதாது. வீட்டு வாடகையும் அந்த வாரத்தில் பெரும்பாலும் குறைவு. நடுவில் வந்தால் இரண்டு வாரமும் நெரிசல்தான். அப்போது சிறிய ஊரின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

இனி மிக அவசியமான விடயம். சிறிய ஊரில் லிஃப்ட் சீட்டில் மிச்சமாகும் பணத்தை வகுப்புக்குச் செலவிடுங்கள். காணொளி பார்த்துத் தானே பழகலாம் என்று தொடங்கி, கணவன் மனைவிக்குள் கோபமும் பிள்ளைகளுக்கு அழுகையுமாக முடிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிவப்பு உடுப்பு அணிந்த பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பள்ளியின் பயிற்றுநர்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஞாயிறு அல்லது திங்கள் தொடங்கி ஐந்து அல்லது ஆறு அரைநாள் வகுப்பு நடக்கும். உங்கள் பிள்ளைகள் ‘ஊர்சோன்’ என்ற கரடிக்குட்டி நிலையிலிருந்து ‘ஃப்ளோக்கோன்’ என்ற பனித்துகள் நிலைக்குப் போக முயல்வார்கள். அடுத்தது முதல் நட்சத்திரம். வார இறுதியில் சட்டையில் குத்தும் அந்தச் சிறு பதக்கம்தான் வகுப்பில் சொல்லப்போகும் கதைக்குச் சான்று. அதே நேரத்தில் நீங்கள் இருவரும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். முதலில் கற்பிப்பது ‘ஷாஸ் நெஜ்’: பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகலத் தள்ளி வேகத்தைத் தடுப்பது. அந்த நிலையில் வலக்காலில் எடையை ஊன்றினால் இடப்பக்கம் திரும்புவீர்கள். சரிவைக் கண்டதும் உடம்பு தானாகவே பின்னுக்குச் சாயும். அதை எதிர்க்கவேண்டும், ஏனென்றால் எடை பின்னுக்குப் போனதும் பலகையின் முன்பகுதி பனியைப் பிடிக்காமல் நம் கட்டுப்பாட்டை விட்டுவிடும்.

சறுக்குவதைவிட லிஃப்டில் ஏறுவதுதான் பலருக்கு முதல்நாள் சோதனை. மென்சரிவில் பெரும்பாலும் நகரும் கம்பளம் இருக்கும். அதில் நின்றால் போதும். அடுத்து வருவது தடியின் நுனியில் வட்டத் தட்டு பொருத்திய இழுவை லிஃப்ட். தட்டைக் கால்களுக்கு இடையே வைத்ததும் நாற்காலி என்று நினைத்து உட்காரப் பார்ப்பார்கள். உடனே நிலத்தில் இருப்பார்கள். அது உட்காருவதற்கன்று, பின்னாலிருந்து தள்ளுவதற்கு. முழங்காலைச் சற்று மடித்து, பலகைகளை நேராக வைத்து, நின்றபடியே தள்ளவிடுங்கள். விழுந்துவிட்டால் தடியை விட்டுவிட்டு உடனே பாதையிலிருந்து ஒதுங்குங்கள். பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார். லிஃப்டின் வாயிலைத் திறக்கும் சீட்டு அட்டையை இடப்பக்கச் சட்டைப்பையில் தனியாக வையுங்கள். கைபேசியுடன் சேர்ந்திருந்தால் கருவி அதைப் படிக்காது. முதல் இரண்டு நாளுக்கு முழுச் சீட்டு வாங்காமல், புதியவர்களுக்கான சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பலகை, சப்பாத்து, தலைக்கவசம் மூன்றையும் வாடகைக்கு எடுங்கள். கையுறை, காலுறை, பனிக்கண்ணாடி, வெயிற்களிம்பு மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பக்கூடியது. நம் தோலும் கருகும், கண்ணும் எரியும். மேலங்கியும் காற்சட்டையும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கலாம். உள்ளே பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும்.

வாடகைக் கடையில் சப்பாத்துக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். வாரம் நன்றாகப் போவதும் போகாததும் அதில்தான் இருக்கிறது. காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியதாகவும் முழங்காலுக்குக் கீழ்வரை நீண்டதாகவும் இருக்கவேண்டும். குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு அழுத்தித் தோல் உரியும்; இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். காலை உள்ளே விட்டதும் குதிகாலை இரண்டு முறை தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பிறகே கொளுவிகளைப் பூட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை முன்னுக்கு மடித்தால் விரல் பின்வாங்கவேண்டும். குதிகால் மேலெழும்பினால் சப்பாத்து பெரிது. கூச்சப்படாமல் அதைவிடச் சிறிய அளவைக் கேளுங்கள். உங்கள் எடையையும் உயரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். விழும்போது பலகை காலைவிட்டுக் கழலவேண்டிய அழுத்தத்தை அந்த எண்களை வைத்தே அமைக்கிறார்கள். இறுக்கம் கூடினால் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும்.

தடத்தில் உங்களுக்கு முன்னால், கீழே இருப்பவருக்கே முன்னுரிமை; பின்னால் வருபவர்தான் விலகிப்போகவேண்டும். நிற்கவேண்டுமானால் ஓரத்தில் நில்லுங்கள். மீண்டும் புறப்படும்போது மேற்பக்கம் பாருங்கள். கம்பம் நட்ட எல்லையைத் தாண்டிப் போகாதீர்கள். 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டப்படி, பனிச்சறுக்கில் அடிபட்டவரைத் தடத்திலிருந்து மீட்டெடுக்கும் செலவை உள்ளூராட்சி அவரிடமே கேட்கலாம். அது சில நூறு யூரோ ஆகலாம். லிஃப்ட் சீட்டுடன் நாளுக்குச் சில யூரோவுக்குக் கிடைக்கும் காப்புறுதியை எடுங்கள். அதற்கு முன் உங்கள் வங்கி அட்டையில் அது ஏற்கனவே அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். சிறிய ஊர்களில் கடைகள் மதியத்தில் சில மணி நேரம் பூட்டியிருக்கும். அரிசி, பருப்பு, தூள்வகைகளைப் பாரிஸிலிருந்தே கொண்டுபோங்கள். நீங்கள் சைவமானால், அந்தப் பகுதியின் புகழ்பெற்ற போஃபோர் பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் செய்யப்படுவது என்பதையும், பாலாடைக்கட்டியை உருக்கிச் செய்யும் ஃபோந்துவில் வெள்ளை வைன் ஊற்றுவார்கள் என்பதையும் அறிந்திருங்கள். சிறு சதுரங்களாக வெட்டிய ‘குரோசே’ என்ற மாவுப்பண்டத்தை வாங்கி நம் முறையில் தாளித்தால் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். புதன்கிழமையளவில் கால்கள் வலிக்கும். அன்று பிற்பகல் சறுக்காமல், ஊருக்கு அருகே 93 மீட்டர் உயரத்துக்கு ஊசிபோல் நிற்கும் சார்தியேர் ஒற்றைக்கல்லை மரங்களுக்கு இடையே நடந்து பார்த்துவாருங்கள்.

ஏற்பாடுகளை வழக்கத்துக்கு மாறான வரிசையில் செய்யுங்கள். விடுமுறை வாரங்களில் முதலில் நிரம்புவது பிள்ளைகளின் வகுப்பு இடங்கள். ஆகவே அதை முதலில் பதிந்து, பிறகு மென்சரிவுக்கு நடந்துபோகும் தூரத்தில் வீட்டைப் பிடித்து, ரயில் விற்பனை திறக்கும் நாளிலேயே பயணச்சீட்டை எடுங்கள். சனிக்கிழமை மாலை ஊருக்குள் வந்ததும் வாடகைக் கடை மூடும் முன் நால்வரும் போய்ச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்; ஞாயிறு காலை அந்தக் கடையில் வரிசை வாசல்வரை நிற்கும், வகுப்போ உங்களுக்காகக் காத்திருக்காது.