வேலையும் வேளையும்: வாசகர் கேள்வி–பதில்

மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் வாசகர்கள், நேரம் போதவில்லை என்று எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக நிரல் எழுதும் பணியில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு அமர்ந்தால் இரவு எட்டு வரை இருக்கையில்தான் இருக்கிறேன். ஆனாலும் உருப்படியாக நிரல் எழுதுவது மாலை ஆறு மணிக்கு மேல், சுற்றிலும் ஆட்கள் கிளம்பிய பிறகுதான். பகல் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒரு நாளின் காலண்டரை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: நீங்கள் இணைத்திருக்கும் காலண்டரிலேயே விடை இருக்கிறது. பத்தரைக்கு ஸ்டாண்ட்-அப் எனும் தினசரிக் குழுச் சந்திப்பு கால் மணி நேரம், பதினொன்றரைக்கு டிசைன் பற்றிய ஆலோசனை முக்கால் மணி நேரம், இரண்டு மணிக்கு டெஸ்டிங் குழுவுடன் அரை மணி நேரம், நான்கு மணிக்கு மேனேஜருடன் இன்னோர் அரை மணி நேரம். கூட்டிப் பார்த்தால் இரண்டே மணி நேரம்தான். மாலை ஆறு வரையிலான பொழுதில், சாப்பாட்டு வேளை போக, ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமல் உங்கள் கையில் இருந்திருக்கிறது. ஆனால் அது ஒரே நீளமாக இல்லாமல் முக்கால் மணி, ஒரு மணி, ஒன்றரை மணி எனத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உங்களுக்கு நேரம் குறைவாக இல்லை, அது சிதறிப்போயிருக்கிறது.

பழைய மாட்யூல் (நிரலின் ஒரு பகுதி) ஒன்றில் பிழை தேடும்போது, எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது, எந்த இடத்தில் மதிப்பு மாறுகிறது, நேற்று எந்தெந்தக் காரணங்களைச் சோதித்து ஒதுக்கினோம் என்பதையெல்லாம் சேர்த்து மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும். அப்படி நிறுத்துவதற்கே நேரம் பிடிக்கிறது, பிடித்து முடித்ததும் அடுத்த மீட்டிங்குக்கான மணி அடிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்பை அணைத்தால் எந்த உலையும் கொதிக்காது. அலுவலகக் குறுக்கீடுகளை நெடுங்காலம் ஆராய்ந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க், இடையில் விட்ட வேலைக்குத் திரும்பச் சராசரியாக 23 நிமிடங்களுக்கு மேல் ஆவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தனை நேரமும் யாரும் சும்மா இருப்பதில்லை. நடுவில் வேறு ஒன்றிரண்டு வேலைகளில் கை வைத்துவிட்டுத்தான் பழைய இடத்துக்கு வந்துசேர்கிறார்கள்.

மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரலாளரும் முதலீட்டாளருமான பால் கிரஹாம் 2009இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். மேலாளரின் நாள் ஒரு மணி நேரக் கட்டங்களால் ஆனது, எதையாவது உருவாக்குபவரின் நாளோ குறைந்தது அரை நாள் அளவுகளால் ஆனது. உங்கள் மேனேஜரைப் பொறுத்தவரை நான்கு மணி என்பது காலியாக இருந்த ஒரு கட்டம், அவ்வளவுதான். அது உங்கள் பிற்பகலை இரண்டாக அறுக்கிறது என்பது நீங்கள் சொன்னாலொழிய அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆகவே மீட்டிங்குகளைக் குறைக்கச் சொல்லிப் போராடுவதைவிட, அவற்றை ஒன்றுக்கொன்று பக்கத்தில் நகர்த்தக் கேளுங்கள். டிசைன் ஆலோசனையை ஸ்டாண்ட்-அப் முடிந்த கையோடு வைத்துக்கொண்டு, மேனேஜருடனான சந்திப்பைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்தால், இரண்டரையிலிருந்து ஆறு வரை ஒரே நீளமாகக் கிடைக்கும். கிடைத்த நேரத்தை உங்கள் பெயரிலேயே காலண்டரில் அடைத்துவையுங்கள், ஏனெனில் வெற்றிடமாகத் தெரியும் எதையும் யாராவது நிரப்பிவிடுவார்கள். ஐந்து நாளும் அடைத்தால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள், வாரத்தில் மூன்று நாள் போதும்.

தவிர்க்க முடியாமல் எழுந்து போக நேர்ந்தால், போகும் முன் இரண்டு வரி எழுதிவையுங்கள். ‘இன்வாய்ஸ் தொகை சரியாக வருகிறது, வரி கணக்கிடும் இடத்தில் மதிப்பு காலியாகிவிடுகிறது, அடுத்து கேஷை (தற்காலிகச் சேமிப்பை) பார்க்க வேண்டும்’ என்ற அளவில் இருந்தால் போதும். திரும்பி வந்து தொடங்கிய இடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கும் வேலையை அந்த இரண்டு வரி மிச்சப்படுத்தும்.

கேள்வி: இரண்டு நாளில் முடியும் என்று நான் சொல்லும் வேலை எப்போதும் ஐந்து நாள் இழுக்கிறது. அனுபவம் வந்தால் எஸ்டிமேட் சரியாகிவிடும் என்றார்கள். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன, ஒன்றும் சரியாகவில்லை.
— வாசகர், சரவணம்பட்டி, கோவை

பதில்: அனுபவம் மட்டுமே இதைச் சரிசெய்துவிடாது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே, வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் இந்த மயக்கத்தை அடையாளம் கண்டு அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொன்னபோதும் அவர்களால் போதிய அளவு மோசமாகக் கற்பனை செய்ய முடியவில்லை.

உங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்லும் இரண்டு நாள் பொய்யல்ல என்றே நினைக்கிறேன். நிரல் எழுத இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். எழுதிய நிரலை வேறொருவர் சரிபார்க்கும் ரிவியூவுக்காகக் காத்திருந்தது, டெஸ்ட் சர்வர் விழுந்து கிடந்தது, வாடிக்கையாளரிடம் கேட்ட சந்தேகத்துக்கு மறுநாள் காலையில்தான் பதில் வந்தது ஆகியவை மீதி மூன்று நாளைத் தின்றிருக்கும். இனிமேல் வேலையை மனத்தில் ஓட்டிப் பார்த்து எண் சொல்லாமல், வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிரா மென்பொருளில் இதே மாதிரியான பழைய டிக்கெட்டுகளை (வேலைப் பதிவுகளை) திறந்து, தொடங்கிய நாளுக்கும் மூடிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றை எண்ணுக்குப் பதில் மூன்று எண்கள் சொல்வதும் உதவும். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவான பெர்ட் முறையில், குறைந்தபட்ச மதிப்பு, நான்கு மடங்கு இயல்பான மதிப்பு, அதிகபட்ச மதிப்பு ஆகியவற்றைக் கூட்டி ஆறால் வகுப்பார்கள். 2, 3, 10 என்று எடுத்துக்கொண்டால் விடை 4 நாள். எனக்கு இந்தச் சூத்திரத்தின் மேல் பெரிய பக்தி கிடையாது. ஆனால் பத்து என்ற எண்ணை எல்லார் முன்னிலையிலும் சொன்னவுடன், ஏன் பத்து என்று யாராவது கேட்பார்கள். மூன்றாம் தரப்பு ஏபிஐ (வேறு நிறுவன மென்பொருளுடன் இணையும் வழி) வேலை செய்யுமா என்ற ஐயம் அப்போதுதான் வெளியே வரும், வேலை தொடங்கும் முன்பே அதற்கு வழி தேடவும் முடியும்.

கேள்வி: பொமோடோரோ முறை நிரல் எழுதுபவர்களுக்குப் பயன்படுமா?
— வாசகர், மதுரை

பதில்: ஓரளவுக்கு. 1980களின் இறுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கியதில் பிறந்த முறை அது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. டாக்குமென்டேஷன், டைம்ஷீட், கட்டாயப் பயிற்சி வகுப்பு போன்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலைகளைத் தொடங்குவதற்கு அது நல்லது. சிக்கலான பிழை ஒன்று பிடிபடும் நேரத்தில் மணி அடித்தால், மணியை அணைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

கேள்வி: நியூஜெர்சி வாடிக்கையாளருடன் தினமும் மாலை 6.30க்கு அழைப்பு இருக்கிறது. நவம்பர் வந்தால் அதுவே 7.30 ஆகி, பெண்ணுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் வந்து நிற்கிறது. காலை ஒன்பது மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது என்பதால் நாள் முடிவதே இல்லை.
— வாசகி, திருச்சி

பதில்: நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூஜெர்சிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அழைப்பு அவர்களுடைய காலை ஒன்பது மணியில் நிலைகொண்டிருப்பதால் நகர்வது எப்போதும் நம் பக்கம்தான். குளிர்காலத்தில் மட்டும் எட்டு மணிக்கு வர முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்குவதால்தான் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் இப்படி ஓட்டுகின்றன. ஒப்புக்கொண்டால், அழைப்பை இந்திய நேரத்தில் பதிந்து அனுப்புங்கள், அது ஆண்டு முழுவதும் 6.30இலேயே நிற்கும். குழுவில் லண்டன்காரர்களும் இருந்தால் மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. பிரிட்டன் அம்மாதத்தின் கடைசி ஞாயிறன்றுதான் மாறுகிறது என்பதால், இடையில் இரண்டு மூன்று வாரங்கள் மூன்று ஊர்க் கணக்கும் ஒத்துப்போகாது.

அன்றைய நிலவரத்தை ஆறு மணிக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், அழைப்பில் வரும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும். அதைவிட முக்கியம், இரவு எட்டு வரை வேலை என்றால் காலை ஒன்பதுக்குத் தொடங்கக் கூடாது. பதினொரு மணிக்குத் தொடங்குவதாக மேலாளருடன் பேசி, மின்னஞ்சலில் அவருடைய சம்மதத்தையும் வாங்கிவையுங்கள். இரு முனைகளிலும் ஆள் வேண்டும் என்றால் அது இரண்டு பேருக்கான வேலை.

கேள்வி: டீம் லீடாக ஆனதிலிருந்து மற்றவர்களின் கோட் ரிவியூவிலேயே நாள் போய்விடுகிறது. தாமதித்தால் எல்லாரும் காத்துக்கிடக்கிறார்கள்.
— வாசகர், சிறுசேரி

பதில்: வந்தவுடன் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூகுள் பொதுவெளியில் வைத்திருக்கும் பொறியியல் வழிகாட்டி, அதிகபட்சம் ஒரு வேலைநாளுக்குள் பதில் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் கவனம் குவிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதை விட்டுவிட்டு ரிவியூவுக்குப் போக வேண்டாம் என்றும் சொல்கிறது. சாப்பிட்டு வந்ததும் ஒரு முறை, மாலை மீட்டிங் முடிந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் யாரும் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க நேராது. இடைவெளி, அடைப்புக்குறி பற்றிய கருத்துகளையெல்லாம் ஃபார்மேட்டர், லின்ட்டர் போன்ற தானியங்கிக் கருவிகளிடம் விட்டுவிடுங்கள். குழுவில் இருக்கும் மூத்தவர்கள் இருவருக்கு ஒப்புதல் தரும் உரிமையையும் கொடுங்கள்.

நேரத்தை உண்மையில் விழுங்குவது எண்ணிக்கை அல்ல, அளவு. அதே வழிகாட்டி ஒரு மாற்றத்துக்கு 100 வரி பொருத்தமானது என்றும் 1,000 வரி பெரும்பாலும் மிகை என்றும் கருதுகிறது. ஆயிரம் வரியை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு மாலைக்குள் முதன்மை நிரலுடன் மெர்ஜ் செய்யக் கேட்பவரிடம், பிரித்து அனுப்புங்கள் என்று அன்றே திருப்பி அனுப்பலாம். அளவு பெரிது என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கும் உரிமையை அந்த வழிகாட்டியே ரிவியூ செய்பவருக்குத் தருகிறது.