ஹாலில் டைல்ஸ் கூடாரம் போல் தூக்கினால்

திருமங்கலம் பக்கத்து உங்கள் வீட்டு ஹாலில் இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் தூக்கிவிட்டன, முழுத் தரையையும் பெயர்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். முழு ஹாலையும் பெயர்க்க வேண்டாம். தூக்கிய இரண்டும், தட்டினால் 'டொக்கு டொக்கு' என்று சத்தம் வருபவையும் மட்டும் போதும்.

இடைவெளியே விடாமல் ஒட்டிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். மதுரை சித்திரை வெயிலில் டைல்ஸ் விரியும். நாலு சுவரும் இறுக்கினால் நடுவில் எழும்பும். போதாததற்கு, விட்ரிஃபைடு (அதிகச் சூட்டில் கண்ணாடி போல் இறுகிய டைல்ஸ்) தன் எடையில் 0.5% தண்ணீர்கூடக் குடிக்காது. வெறும் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அதைப் பிடிப்பது கஷ்டம். கொத்தனார்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

1. ரூபாய் நாணயத்தால் மூலை மூலையாகத் தட்டி, சாக்பீஸில் குறியுங்கள்.
2. சுற்றியுள்ள ஜாயிண்ட்டை முதலில் கிரைண்டரால் அறுங்கள். அறுக்காமல் நெம்பினால் பக்கத்து டைல்ஸ் விளிம்பு தெறிக்கும்.
3. அடிக்கலவையைச் சுரண்டி, தூசி தட்டி, பல் கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) டைல்ஸ் பசை தடவிப் பதியுங்கள். இடைவெளிக்கு வைக்கும் ஸ்பேசர் 2 மி.மீ. 24 மணி நேரம் கழித்தே கிரவுட் (இடைவெளியை அடைக்கும் கலவை).
4. ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) அடியில் சுவரோரம் 8 மி.மீ. வெட்டி, சிலிக்கான் அடையுங்கள்.

ஒன்று மட்டும்: திருமங்கலம் பக்கம் கரிசல் மண்; நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். விரிசல் சுவரிலும் ஏறியிருந்தால் கோளாறு டைல்ஸில் இல்லை, அஸ்திவாரத்தில். அப்போது பொறியாளரைக் கூப்பிடுங்கள்.