அயோவாவுக்குக் குடிவரப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி, மார்ச் மாதத்தில் மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அயோவா மாநிலத்தின் பெல்லா நகருக்கு வேலைக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே வயலும் சர்ச்சும் தவிர வேறொன்றும் இல்லை என்று நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் உறவினர்கள் சொல்கிறார்களாம். அந்த ஊரில் சாதாரண உழைப்பாளிகள் எப்படி வாழ்கிறார்கள், மதம் மாறச் சொல்லி நம்மை வற்புறுத்துவார்களா, உங்கள் மனைவி தனிமையில் வாடிவிடுவாரா என்பவை உங்கள் கேள்விகள். நான் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருப்பவன். என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விகளுக்குப் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும் என்பதால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். விவசாய இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, ஆறு மணி ஷிப்டுக்குப் போய், நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக வாரத்தில் நான்கு நாள் உழைக்கிறார். மீதி நாட்களிலும் சாயங்காலங்களிலும், ஊருக்கு வெளியே தந்தை விட்டுச்சென்ற எண்பது ஏக்கரில் தம்பியோடு சேர்ந்து மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுகிறார். எண்பது ஏக்கர் வைத்திருப்பவர் எதற்காக இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டும் என்று வந்த புதிதில் எனக்கு விளங்கவே இல்லை, ஏனென்றால் நம் பக்கத்தில் அந்த அளவு நிலம் இருந்தால் அவர் ஊருக்கே பெரிய பண்ணைக்காரர். இங்கே சராசரிப் பண்ணையின் அளவு முந்நூறு ஏக்கருக்கு மேல் என்பதும், எண்பது ஏக்கரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதும் பிறகுதான் புரிந்தது.

அவருடைய தந்தைக்கு அதைவிட அதிக நிலம் இருந்தது. எழுபதுகளில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனதால் வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன, விவசாயிகளும் வாங்கி மேலும் நிலம் சேர்த்தார்கள். பிறகு வட்டி 15 சதவீதத்தையும் தாண்டிப் போனது, 1980-இல் சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்க அமெரிக்க அரசு தடை போட்டது, 1981-க்கும் 1986-க்கும் இடையில் அயோவா நிலத்தின் விலை ஏறக்குறைய 63 சதவீதம் சரிந்தது. கடனுக்கு ஈடாக வைத்த நிலம் கடனைவிட மலிவாகிவிட்ட அந்த ஆண்டுகளில், டிராக்டர் முதல் சமையலறை மேசை வரை முற்றத்தில் பரப்பி ஏலம் விடுவதைப் பல குடும்பங்கள் பார்த்துக்கொண்டு நின்றன. அவர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். அந்த ஏலத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார், அதுவும் ஏலத்தில் போன ஒரு பசுவின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். கடன் என்றால் அவர் ஏன் அவ்வளவு அஞ்சுகிறார், இருபது ஆண்டுப் பழைய பிக்கப் வண்டியை ஏன் இன்னும் ஓட்டுகிறார் என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

அவர் தொழிற்சாலையை விடாமல் இருப்பதற்குச் சம்பளத்தைவிடப் பெரிய காரணம் மருத்துவ இன்சூரன்ஸ். முழுநேர விவசாயியான அவருடைய தம்பியின் குடும்பத்தையும் நர்ஸாக வேலை பார்க்கும் தம்பி மனைவியின் இன்சூரன்ஸ்தான் தாங்குகிறது. இங்கே பல பண்ணை வீடுகளில் ஒருவர் கட்டாயம் வெளிவேலைக்குப் போவது இதற்காகவே. நீங்களும் வேலையில் சேரும் நாளன்றே குடும்பத்துக்கான இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் தொடங்குகிறது, சிகிச்சைச் செலவில் முதல் எத்தனை டாலர் வரை நம் கைப்பணம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மதிய உணவு நேரத்தில் வானொலியில் மக்காச்சோளத்தின் விலை சொல்வார்கள். ஒரு புஷல், அதாவது சுமார் இருபத்தைந்தரை கிலோ, எத்தனை டாலர் என்பதை நிலமே இல்லாதவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். விலை இறங்கினால் விவசாயி புது இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவார், உடனே தொழிற்சாலையில் ஓவர்டைம் நிற்கும், சில ஆண்டுகளில் ஆட்குறைப்பும் வரும். அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் உங்கள் சம்பளமும் அந்த வயலிலிருந்துதான் வருகிறது.

இனி நம்பிக்கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரில் யாரையும் புரிந்துகொள்ள முடியாது. நெதர்லாந்தின் அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட சுமார் 800 பேர், ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டே என்ற போதகரின் தலைமையில் 1847-இல் இங்கே வந்து குடியேறினார்கள். எருசலேம் அழிந்த காலத்தில் கிறிஸ்தவர்கள் தப்பியோடி அடைக்கலம் புகுந்த பெல்லா என்ற பழங்கால நகரத்தின் பெயரையே தங்கள் ஊருக்கு வைத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் டியூலிப் திருவிழா நடக்கும்போது மரக்காலணி அணிந்து தெருவைக் கழுவும் பெரியவர்களையும் குழந்தைகளையும் காண்பீர்கள். அது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கை. இவர்களுக்கோ, தாங்களும் ஒரு காலத்தில் மொழி தெரியாமல் வந்து இறங்கியவர்கள் என்ற நினைவு.

என் பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னும் ஜெபம் உண்டு, பின்னும் உண்டு. தட்டுகளை எடுப்பதற்கு முன் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிப்பார்கள். கிறிஸ்தவப் போதனைகளைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்லும், 1563-இல் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் வினாவிடையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்பது அதன் முதல் கேள்வி. நான் எனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்கே சொந்தம் என்ற பொருளில் அதன் பதில் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போவதோடு சாயங்காலமும் போகும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நீண்ட பிரசங்கம் தொடங்கும் நேரத்தில் வெள்ளை நிறப் பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருள் ஒன்று பாட்டியின் கைப்பையிலிருந்து புறப்பட்டு வரிசை முழுவதும் கைமாறிப் போகும்.

வந்த முதல் கோடையில், ஞாயிற்றுக்கிழமையில் நிம்மதியாக வேலை செய்யலாமே என்று நான் இயந்திரத்தை எடுத்து வீட்டு முன்புறப் புல்லை வெட்டினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஓய்வுநாளில் அந்தச் சத்தம் எழுப்புவதைப் பழைய குடும்பங்கள் தவிர்ப்பார்கள் என்று பல வாரங்கள் கழித்து என் மனைவியிடம் வேறொரு பெண் மென்மையாகச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் வருத்தம் தெரிவித்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, எங்கள் வீட்டு வாசலில் பனி தள்ளி, உப்புத் தூவி, பாதை சுத்தமாக இருந்தது.

வற்புறுத்துவார்களா என்று கேட்டீர்கள். சர்ச்சுக்கு வாருங்கள் என்று அழைப்பார்கள், நிச்சயமாக அழைப்பார்கள். நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதைப் போல இங்கே எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்பதுதான் முதல் விசாரணை. நாங்கள் எங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மேட்ரிட் என்ற சிற்றூரில், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில், வயல்வெளிக்கு நடுவே ஓர் இந்துக் கோயில் இருக்கிறது. கடவுளை வணங்குகிறவன் என்று தெரிந்தால் இவர்களுக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது என்பது என் அனுபவம்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நட்பு, விருந்து, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாமே சர்ச்சைச் சுற்றி நடப்பதால், அங்கே போகாதவர்கள் யாரும் ஒதுக்காமலேயே ஒதுங்கிப் போய்விடக்கூடும். புதன்கிழமை சாயங்காலத்தைச் சர்ச் நிகழ்ச்சிகளுக்கென்று பள்ளிகளும் ஒழித்துவைக்கும். தோழிகளெல்லாம் போகிறார்கள் என்று எங்கள் மகள் ஏழு வயதில் அழுதபோது நானும் மனைவியும் இரண்டு இரவு பேசினோம். விளையாட்டுக்கும் கைவேலைக்கும் போய்வரட்டும் என்று முடிவுசெய்து, வீட்டில் விளக்கேற்றுவதையும் ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பதையும் முன்னைவிட அக்கறையாகச் செய்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன், ஆயினும் உங்கள் முடிவு உங்களுடையது. உங்கள் மனைவியின் தனிமை முதல் குளிர்காலத்தில் கடினமாகத்தான் இருக்கும். அவர் கார் ஓட்டப் பழகிவிட்டால் பாதித் துன்பம் தீரும். ஆகவே உங்கள் உரிமம் கிடைத்த மறுவாரமே அவருக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

சாப்பாட்டில் பெரிய சிரமமில்லை. மளிகைக்கு டி மோயின் நகரம் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது. மான் வேட்டைக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஆசையோடு இறைச்சிப் பொட்டலம் கொண்டுவந்தார். நாங்கள் சைவம் என்று சொன்னோம். அடுத்த ஆகஸ்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு டஜன் இனிப்புச் சோளக் கதிர், அன்று காலையில் ஒடித்தது, எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் அப்பா ஊரில் இறந்துபோனார். சடங்குக்குப் போய்ச் சேர முடியாத நிலை. சாயங்காலம் வேலை முடிந்து, கையில் வெல்டிங் கரியோடு, அவர் எங்கள் கார் ஷெட் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, உங்கள் அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தும் அவருக்கு அது சரியாக வரவில்லை. அந்தத் திருந்தாத உச்சரிப்பிலேயே, கான்கிரீட் தரையில் தலைகுனிந்து நின்று, என் அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அவருடைய கடவுளிடம்தான் ஜெபித்தார். என் அப்பாவுக்காக இந்தக் கண்டத்தில் என்னையன்றி வேறொருவரும் அன்று துக்கப்பட்டார் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் அவர் மனைவி இறைச்சி சேர்க்காமல் சமைத்த ஒரு பெரிய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியில் ஒட்டியிருந்த சீட்டில், பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது.

மார்ச் கடைசியிலும் இங்கே பனி பெய்வதுண்டு, அதனால் கனமான மேலாடைகளை பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். டி மோயின் விமான நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். சாமான்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டி வரும். நேற்று உங்களைப் பற்றி அவரிடம் சொன்னபோது, குழந்தையின் காலணி அளவு என்ன என்றுதான் முதலில் கேட்டார். அவர் பேத்திக்குச் சிறிதாகிப்போன பனிக்கால பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறாராம். அளவை எழுதி அனுப்புங்கள்.