முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதுமா? மருத்துவமனைக்குள் கேமரா வரும்போது

கேள்வி: ஒரு மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்து படம்பிடிக்க ஒரு தொலைக்காட்சி அனுமதி கேட்கிறது. ஒளிபரப்பும்போது நோயாளிகளின் முகத்தை மங்கலாக்கிவிடுவோம் என்கிறார்கள். நல்ல விளம்பரம், விட்டுவிடலாம் என்கிறது நிர்வாகம். டாக்டர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். விபத்து நடந்தால் நிருபர்கள் போனில் கேட்பதற்கு எதுவரை பதில் சொல்லலாம் என்பதிலும் குழப்பம். வழி சொல்லுங்கள்.

பதில்: டாக்டர்கள் சொல்வதுதான் சரி. முகத்தை மங்கலாக்குவது, டிவி பார்ப்பவர்களிடமிருந்து மட்டும்தான் நோயாளியை மறைக்கும். கேமராமேன், மைக் பிடிப்பவர், பிறகு எடிட்டிங்கில் உட்காருபவர் எல்லோரும் அவரை அதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். அவர் வலியில் கத்துவதையும் டாக்டரிடம் சொல்வதையும் கேட்டுவிடுகிறார்கள். ரகசியம் உடைவது ஒளிபரப்பு நாளில் அல்ல, கேமரா உள்ளே நுழைந்த அந்த நிமிடத்தில்.

நியூயார்க் பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் நடந்ததை உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 2011-இல் லாரி மோதிக் கொண்டுவரப்பட்ட ஒருவருக்குச் சிகிச்சை நடந்ததையும் அவர் இறந்ததையும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகப் படம்பிடித்தார்கள். குடும்பத்திடம் யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டு ஒளிபரப்பானபோது முகம் மங்கலாக்கப்பட்டுத்தான் இருந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, அது தன் கணவர் என்று கண்டுகொண்டார். கணவரின் கடைசி நிமிடங்களை அவர் பார்த்தது அப்படித்தான். அமெரிக்க சுகாதாரத் துறை விசாரித்தது. மருத்துவப் பணியாளர் ஒருவர் நிறுத்தச் சொன்ன பிறகும் படப்பிடிப்பு தொடர்ந்ததாக அந்தத் துறை கூறியது. 2016-இல் மருத்துவமனை அந்தத் துறைக்கு 22 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. 2018-இல் பாஸ்டனின் மூன்று பெரிய மருத்துவமனைகளும் இதே போன்ற படப்பிடிப்புக்காக மொத்தம் 9,99,000 டாலர் கட்டின. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், அதே துறை இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: படத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நோயாளியிடமும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், பின்னால் முகத்தை மறைப்பது அதற்கு ஈடாகாது. இது அமெரிக்கச் சட்டம்தான், உங்கள் நாட்டின் சட்டத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பின்னுள்ள நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒப்புதல் கொடுத்த ஒருவரை மட்டும் எடுக்கிறோம் என்று கேமரா உள்ளே வரும். அவருக்குப் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை. அதில் படுக்கை எண், பெயர், நோய். மானிட்டரின் மூலையில் பக்கத்துப் படுக்கைக்காரரின் பெயர். மேஜையில் திறந்து கிடக்கும் கேஸ் ஷீட், கையில் கட்டிய அடையாளப் பட்டை, திரைக்கு அப்பாலிருந்து கேட்கும் பேச்சு. படம்பிடிக்க அனுமதித்தே ஆகவேண்டிய நாளில்கூட, முதலில் நீங்கள் தனியாக உள்ளே போய், கேமரா இருக்கப்போகும் இடத்தில் நின்று, அதன் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று பாருங்கள். பிறகு, வந்தவர்களை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் கூடவே இருங்கள்.

ஒப்புதல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். 1990-இல் இங்கிலாந்து நடிகர் கார்டன் கே, புயலில் பறந்துவந்த பலகை தலையில் அடித்து லண்டன் மருத்துவமனை ஒன்றில் கிடந்தார். யாரும் ஊழியர்களைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்று அறிவிப்பு வைத்திருந்தார்கள். அதை மீறி ஒரு பத்திரிகையின் நிருபரும் புகைப்படக்காரரும் அறைக்குள் போய் அவரைப் பேட்டி எடுத்தார்கள். அவர் பேச ஒத்துக்கொண்டதாகத்தான் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து, அப்படி யாரும் வந்ததே அவருக்கு நினைவில்லை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனபோது, அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் தனியுரிமைக்கென்று வழக்குப் போட வழியில்லை என்று நீதிபதிகள் வருத்தத்தோடு சொன்னார்கள்.

அதனால் நோயாளி தலையாட்டினார் என்பது ஒப்புதல் ஆகாது. தெளிவான மனநிலையில் இருக்கிறாரா என்று முதலில் டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் சிகிச்சை தரும் டாக்டரே ஒப்புதல் கேட்கக் கூடாது; மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்ற பயம் நோயாளிக்கு வரும். யார் எடுக்கிறார்கள், எதில் வரும், இணையத்தில் எத்தனை காலம் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். மயக்கத்தில் இருப்பவரைப் படம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். குழந்தைக்குப் பெற்றோர் கையெழுத்திட்டாலும், விவரம் தெரிந்த குழந்தையாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

இனி போன் அழைப்புகள். ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இரவில் யார் என்பதும் எழுதி வைத்திருக்க வேண்டும். 2012-இல் லண்டனில் இளவரசி கேட் மருத்துவமனையில் இருந்தபோது, அதிகாலையில் இரண்டு ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர்கள் ராணியைப் போலவும் இளவரசர் சார்லஸைப் போலவும் பேசினார்கள். அழைப்பு வார்டுக்குப் போனது. அங்கிருந்த நர்ஸ் உடல்நிலை விவரத்தைச் சொல்லிவிட்டார். இதில் நர்ஸ்களைக் குறை சொல்வது அநியாயம். யார் அழைத்தாலும் எண்ணை வாங்கிக்கொண்டு, சரிபார்த்து, நாமே திரும்ப அழைப்பது என்ற விதி இருந்தால் அவர்கள் தலையில் அந்தச் சுமை விழாது.

எதைச் சொல்லலாம்? பெரிய விபத்தில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் கவலைக்கிடம் என்ற எண்ணிக்கையைச் சொல்லலாம். குறிப்பிட்ட நபரைப் பற்றி என்றால், நிருபர் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டு, அந்த நோயாளியும் ஆட்சேபிக்காமல் இருந்தால், நிலைமையை ஒரே வரியில் சொல்வதோடு நிறுத்துங்கள். இறப்பைக் குடும்பத்துக்குத் தெரிவித்த பிறகே உறுதிப்படுத்துங்கள். பெயரைச் சொல்லாமல் வயது, தொழில், ஊர் மூன்றையும் சொன்னால், பெயரைச் சொன்னது போலத்தான்.

நோயாளியே ஊடகத்திடம் போய் உங்கள் மருத்துவமனையைக் குறை சொன்னால் பதிலடி கொடுக்கக் கை துறுதுறுக்கும். கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா மருத்துவமனையின் அதிகாரிகள் ஒரு நோயாளியின் சிகிச்சை விவரத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் பத்திரிகையாளர்களிடம் பேசியதற்காக 2013-இல் அந்த மருத்துவமனை 2,75,000 டாலர் கட்டியது. நோயாளி தன் கதையைச் சொல்வது அவர் உரிமை. அதனால் அவருடைய கேஸ் ஷீட்டைத் திறக்க நமக்கு அனுமதி வந்துவிடாது. எழுத்துப்பூர்வமாக அவர் அனுமதித்தால் விளக்கத் தயார் என்று மட்டும் சொல்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆக்சிஜன் தீர்ந்துபோனது, தீ பிடித்தது, தொற்று பரவியது போன்ற கேள்விகளுக்கு 'நோயாளியின் ரகசியம்' என்று வாயை மூடிக்கொள்ளும் நிர்வாகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த ரகசியம் நோயாளிக்குச் சொந்தமானது, நிர்வாகம் ஒளிந்துகொள்வதற்கு அல்ல. யாருடைய பெயரும் இல்லாமலே அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும். நிருபர்களுக்கு உட்கார ஓர் இடம், குறித்த நேரத்தில் தவறாமல் ஓர் அறிக்கை, பேச ஒரு டாக்டர் என்று ஏற்பாடு செய்துபாருங்கள், ஐ.சி.யூ. கதவருகே கூட்டம் குறையும்.

அந்தத் தொலைக்காட்சிக்கு வெறுமனே மறுத்து எழுதாதீர்கள். நோயாளிகள் இல்லாத சிகிச்சை அறையில் கருவிகளையும் ஒத்திகையையும் படம்பிடிக்கலாம், டாக்டர்களும் நர்ஸ்களும் பேட்டி தருவார்கள், குணமாகி வீட்டுக்குப் போனவர்களில் விருப்பமுள்ளவர்களை அவர்கள் சம்மதத்தோடு நாங்களே தொடர்புபடுத்துகிறோம் என்று எழுதுங்கள். அதற்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளாமல், உயிருக்குப் போராடுகிறவரைத்தான் எடுப்போம் என்று பிடிவாதம் பிடித்தால், அவர்கள் எழுதிய அந்தப் பதிலை அப்படியே நிர்வாகத்தின் மேஜையில் வையுங்கள்.