கழற்றிய கண்டன்சர்களைக் கேட்டு வாங்குங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: பழைய ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்கலாமா?

பதில்: கூடாது. இதற்கென்றே விற்கும் காண்டாக்ட் கிளீனரை, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, குமிழின் உட்பகுதியில் மட்டும் அடித்து முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள்.

கேள்வி: முப்பது வருட ஆம்ப்ளிஃபையரில் 'ஊம்' என்ற இரைச்சல் வந்தது. மெக்கானிக் எல்லாக் கண்டன்சர்களையும் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்கள்) மாற்றினார். இரைச்சல் போகவில்லை, இடது பக்கம் ஒலியே நின்றுவிட்டது. கேட்டால், செட் பழசு என்கிறார்.

பதில்: செட் பழசு என்பது நீங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே அவருக்குத் தெரியும், கூலியை வாங்கிக்கொண்ட பிறகு அதைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் வற்றும் என்பதும், சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பதும் உண்மைதான். அதனால் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பவை முதலில் கெடும். அதே போர்டில் உள்ள, உள்ளே திரவமில்லாத பிலிம் கண்டன்சர்களோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எது கெட்டது என்று, கண்டன்சரின் உள் மின்தடையைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் வைத்து அளக்காமல் எல்லாவற்றையும் பிடுங்குவதைப் பழுதுபார்ப்பு என்று சொல்வது எனக்குப் பல வருட ஆற்றாமை. வால்யூமை முழுக்கக் குறைத்தும் இரைச்சல் மாறவில்லை என்றால் முதலில் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். வால்யூமோடு ஏறி இறங்கினால் கோளாறு குமிழுக்கு முந்தைய பகுதியில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பழைய போர்டில் அத்தனை கால்களையும் சூடுவைத்துக் கழற்றும்போது செம்புத் தடம் பெயர்ந்திருக்கலாம், அல்லது ஒரு கண்டன்சர் பிளஸ் மைனஸ் மாறி உட்கார்ந்திருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த பக்கத்தை நிறுத்தியவர்தான் அதைக் கூலியின்றிச் சரிசெய்து தர வேண்டும். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் வருகிறதா என்று அளக்கும்வரை ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். வந்தால் வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கம்பிச்சுருள் கருகிவிடும்.

கேள்வி: 2 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனது. 10 ஆம்பியர் போட்டேன். இப்போது நன்றாகப் பாடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: இதைப் படித்த கையோடு பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபியூஸ் எதனால் போனது என்று பார்க்காமல் அதன் வாயை அடைத்திருக்கிறீர்கள். அடுத்து எரியப்போவது டிரான்ஸ்ஃபார்மர்.

கேள்வி: 'சர்வீஸ் செய்தது' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய கேசட் டெக் ஒரே வாரத்தில் நின்றது. விற்றவர் பதில் சொல்வதில்லை.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. அதே வாசகத்தை நம்பி நானும் ஒன்று வாங்கினேன். திறந்தபோது ரப்பர் பெல்ட் தார்போல உருகிக் கப்பியில் அப்பியிருந்தது; ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்க ஒரு மாலை முழுவதும் ஆனது, விரலில் ஏறிய கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. ஓடாமல் கிடந்தாலும் பெல்ட் இப்படி உருகும். விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுத்திலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க அந்த இரண்டும் உதவும். பெல்ட் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் டெக்கைத் தூக்கிப் போடாதீர்கள், அதே அளவில் புது பெல்ட் போட்டால் ஓடும்.